சிரிப்பு எழுந்த இடம்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் துறையின் கருத்தரங்கக் கூடத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மின்விசிறிகளின் இரைச்சல் படத்தின் ஒலியைக் கெடுத்துவிடும் என்று அவற்றையும் நிறுத்திவிட்டு, வேர்வையில் நனைந்துகொண்டிருந்த எங்களுக்கு நீங்கள் எடுத்த பேய்ப் படத்தின் முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினீர்கள். இரண்டு நிமிஷமும் இருபது விநாடியும் ஓடிய அது முடிந்து விளக்கு எரிந்ததும் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து அபிப்பிராயம் கேட்டீர்கள். அந்தத் தாள்களை மறுவாரம் எண்ணிக் கணக்கெடுத்து, வண்ண வண்ண வட்டங்களாகப் பங்கு போட்டு வரைந்து, செய்முறைப் பதிவேட்டில் ஒட்டுவதற்கு முன்னால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி, "ஐயா, இவற்றிலிருந்து நாங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

உடனே பதில் எழுதாமல் மூன்று வாரம் கடத்தியதற்குக் கண்புரை அறுவை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அன்று மாலை அந்தக் கூடத்தில் நான் கண்டதும் கேட்டதும் உங்கள் வட்டங்களில் எங்குமே இல்லையே என்று எனக்கு உண்டான திகைப்பு. கோடம்பாக்கத்துப் படத்தொகுப்பு அறைகளில் உதவியாளனாக 31 ஆண்டுகள் மூவியோலா என்னும் தொகுப்பு இயந்திரத்தின் கடகடப்புக்கு நடுவே காலந்தள்ளியவன் நான். என் பெயர் திரையில் தனியாக வந்ததில்லை. கூட்டத்தோடு வந்த இடங்களிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஓடிப்போய்விடும். ஆகவே பெரிய கலைஞன் ஒருவனுடைய உபதேசமாக இதைக் கொள்ளாமல், வெட்டிப் போட்ட துண்டு பிலிம்களைப் பொறுக்கியே வயதான ஒருவனுடைய அனுபவம் என்று கொள்ளுங்கள். உங்களைப்போலப் பேய்ப் படத்துக்கு முன்னோட்டம் எடுத்துவிட்டுத் தாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வேறு கல்லூரிகளிலும் இருப்பார்கள் என்பதால் மடலைத் திறந்தே எழுதுகிறேன். உங்கள் படத்தின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை; வெளிவராத பிள்ளைக்குக் கண்ணேறு கூடாது.

முதலில் தாள்களைப் பற்றி. மிகவும் பிடித்தது, ஓரளவு பிடித்தது, பிடிக்கவில்லை என்று நீங்கள் வகுத்த மூன்று கட்டங்களில் பெரும்பாலோர் முதற் கட்டத்திலேயே குறியிட்டிருக்கிறார்கள். 'சூப்பர்' என்ற ஒரே சொல்லை எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தவர்கள் பலர். 'பிஜிஎம் செம' என்றவர்கள் அவர்களுக்கு அடுத்தபடி. 'இன்னும் பயமாக இருந்திருக்கலாம்' என்று சிலர். 'பேயின் முகத்தை நன்றாகக் காட்டியிருக்கலாம்' என்று சிலர். 'கதை புரியவில்லை' என்று ஒரு தாள் சொல்ல, 'முழுக் கதையும் தெரிந்துவிட்டது, இனிப் படத்தை எதற்குப் பார்ப்பது?' என்று அதற்கு அடுத்த தாளே கேட்கிறது. எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணிப் பார்த்து, அதன்படி படத்தைத் திருத்தப் புறப்பட்டுவிட்டீர்கள் என்பது பதிவேட்டின் கடைசிப் பக்கத்தால் தெரிகிறது: அதிர்ச்சிக் காட்சிகள் மேலும் இரண்டு சேர்க்கப்படும், பேயின் முகம் குளோசப்பில் காட்டப்படும், கதைச் சுருக்கம் பின்னணிக் குரலில் சொல்லப்படும். இந்த மூன்று வரிகளைப் படித்த பிறகுதான் சும்மா இருக்கலாகாது என்று எழுத உட்கார்ந்தேன்.

இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதனும் விளக்கு எரிந்த பிறகு பென்சிலைக் கையில் எடுக்கிற மனிதனும் ஒருவரல்லர். முன்னவனுக்குப் பயம் வந்தது, அல்லது வரவில்லை. பின்னவனுக்கோ அந்தப் பயத்தை ஒப்புக்கொள்ள வெட்கம், பக்கத்தில் இருப்பவன் என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்க்கும் ஆவல், படம் எடுத்தவர்கள் வாசலில் நின்று தாளை வாங்குகிறார்களே என்ற தாட்சண்யம், கேட்டதற்கு ஏதாவது ஒரு குறை சொல்லாவிட்டால் தன்னை ரசனையற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற சந்தேகம் ஆகிய அத்தனையும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நம்முடைய தொல்காப்பியர் சுவையைப் பற்றிப் பேசும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர் வைத்தார். மெய் என்பது உடம்பு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்மேல் வந்து தோன்றுவதே மெய்ப்பாடு. கண்ணீர் அரும்புவதையும் மயிர் சிலிர்ப்பதையும் உரையாசிரியர்கள் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அச்சத்துக்கு நிலைக்களம் நான்கு என்று அவர் எண்ணும்போது தெய்வமும் பேயுமாகிய அணங்கை ஒன்றாகவும், விலங்கையும் கள்வரையும் அடுத்தடுத்தும், தன்னை ஆளும் இறைவனை நான்காவதாகவும் வைத்தது நின்று யோசிக்க வேண்டிய விஷயம் என்றாலும் (பரீட்சை அதிகாரியை எந்த வகையில் சேர்ப்பது என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும்), இப்போது எனக்கு வேண்டியது அவர் வைத்த வரிசைதான். எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலில் நிற்கிறது. அச்சம் ஐந்தாவதாக வருகிறது. ஏட்டில் இவை இத்தனை தூரம் தள்ளி நின்றாலும் சினிமாக் கொட்டகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தொகுப்பாளர் ஒருவர் இருந்தார். படம் வெளியான முதல் நாள் கூட்டத்தை அவர் நம்பமாட்டார். அது விசுவாசிகளின் கூட்டம் என்பார். இரண்டாவது வாரத்தில் ஒரு பகற்காட்சிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய், பக்கவாட்டு வாசலுக்கு அருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பாதி முதுகைக் காட்டியபடி உட்காருவார். அவர் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் 'ரீல் 7, கோர்ட்டு, இருமல்' என்பது போன்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். ஜனங்கள் ஒன்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் இருமல் வருவதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். தொண்டை கரகரப்பு என்னவோ அதற்கு முன்னும் இருந்ததுதான். மனம் படத்தை விட்டு வெளியே வந்த நிமிஷத்தில்தான் தொண்டை நினைவுக்கு வருகிறது. சோடாப் புட்டி உருளும் இடம், பெஞ்சு முனகும் இடம், குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மறுநாள் அறைக்கு வந்து, அந்த இடத்தைத் தொடாமல் அதற்கு முன்னால் வந்த இடத்தைப் போட்டுப் பார்ப்பார். "வலிக்கிற இடத்தில் நோய் இருக்காதடா" என்பார். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓரடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம். அரையடி பிலிமை வெட்டினால் போவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அரையடியை எங்கே எடுப்பது என்பதற்காக அவர் ஒரு பகல் முழுவதும் வெற்றிலைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் என்னையும் விடவில்லை. உங்கள் முன்னோட்டத்தை முதல் முறை திரையில் பார்த்தேன். நீங்கள் அதை இரண்டாவது முறை ஓட்டியபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜனங்களைப் பார்த்தேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், அது கிடக்கட்டும். உங்கள் கதையில் வரும் பெண் விடுதியிலிருந்து விடுமுறைக்காகக் குடமுருட்டிக் கரையிலுள்ள பாட்டன் வீட்டுக்கு வந்து, பேருந்தை விட்டு இறங்கிப் பூட்டைத் திறக்கும்வரை கூடம் சாவதானமாக இருந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சல் தானாக ஆடியது. யாரும் அசையவில்லை, ஏனெனில் தானாக ஆடாத ஊஞ்சலைப் பேய்ப் படங்களில் யாரும் பார்த்ததில்லை. பிறகு கொல்லைக் கிணறு வந்தது. கயிறில்லாத கப்பி மெல்லச் சுழல்கிறது, சங்கீதம் இல்லை, இரும்பு இரும்போடு உராயும் அந்த ஒரே கிறீச்சொலி. அந்த ஆறு விநாடியும் கூடத்தில் ஒரு சத்தம் கிடையாது. கதவோரம் நின்றிருந்த கல்லூரிப் பணியாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, கன்னம் ஒரு பக்கம் உப்பியபடியே நின்றார். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பாட்டி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில்! கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பையன் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

அடுத்து அண்டை வீட்டுக்காரர் வந்து, இந்த வீட்டில் ராத்திரி யாரும் தங்கமாட்டார்கள் என்றும், உன் அத்தை இந்தக் கிணற்றில்தான் விழுந்தாள் என்றும் நீளமாகப் பேசினார். பையன் கைபேசியைத் திருப்பி எடுத்துக்கொண்டான். பணியாள் மெல்ல ஆரம்பித்தார். 'ஒரு வீடு... ஒரு ரகசியம்...' என்று எழுத்துகள் மத்தள அடியோடு வந்து போயின. கடைசியில், பெருஞ்சத்தம் ஒன்று இடித்து முழங்க, வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலுமாகப் பேய் வந்து நின்றது. கூடம் ஒரு முறை குலுங்கிற்று. உடனே கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பு உங்கள் முகங்களை எப்படி வாட்டிவிட்டது என்பதைப் பார்த்தேன். பின்வரிசையில் நின்றிருந்த உங்கள் ஒளிப்பதிவாளர் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தாள்களில் யாருமே அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதவில்லை என்பதனால் உங்கள் வட்டங்களிலும் அதற்கு ஒரு துண்டு இல்லை. இல்லாமற்போனது உங்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் உங்களுக்குக் கிடைத்த அபிப்பிராயங்களிலெல்லாம் உண்மையானது அதுதான். ஒருவனும் யோசித்துச் சிரிக்கவில்லை, தாட்சண்யத்துக்காகச் சிரிக்கவில்லை. அதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆராய வேண்டும்.

நான் எண்ணிப் பார்த்தபடி, சத்தம் இடித்த கணத்தில் கூடம் குலுங்கியது. அதாவது உடம்பு பயந்துவிட்டது. பேய் அதற்கு மேலும் இரண்டு விநாடி திரையில் நின்றது. முதல் அரை விநாடியில் பயந்த கண், மிச்சம் ஒன்றரை விநாடியில் ஓய்வாக ஆராயத் தொடங்கியது: இது சவுரி, இது பவுடர், இது பி பிரிவில் படிக்கிற பெண். மூன்றாவது விஷயம் தெரிந்ததும் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்; சிரிப்பு அங்கேதான் எழுந்தது. போதாக்குறைக்கு, 2011இல் 'காஞ்சனா' ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு பேயைக் கண்டால் அடுத்த நிமிஷம் சிரிக்கவேண்டும் என்று நம் ஜனங்கள் வருஷக்கணக்கில் பழகியிருக்கிறார்கள்; அந்தப் பழக்கம் நீங்கள் செய்த குற்றமன்று என்றாலும், உங்கள் கொட்டகைக்குள் அது சீட்டு வாங்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. சிரிப்பு என்பது பயந்த உடம்பு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் யுக்தி. பயமே வராதவன் சிரிக்கமாட்டான், கொட்டாவி விடுவான். ஆகவே அந்தச் சிரிப்பு உங்களுக்குச் சொன்ன செய்தி, பேய் தோற்றுவிட்டது என்பதன்று. பேய் ஜெயித்துவிட்டது, ஆனால் ஜெயித்த பிறகும் களத்தை விட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தது என்பதே. ஒன்றரை விநாடியை வெட்டுங்கள், அதாவது 36 ஃபிரேம். எங்கள் காலமாயிருந்தால் இரண்டே கால் அடி பிலிம். தரையில் விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது.

பெயரைச் சொல்லிக் கூவிய அந்தக் குரலை நினைத்தால் இன்னொரு விஷயமும் புலப்படும். அன்று வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் வகுப்புத் தோழர்களும், அறைத் தோழர்களும், படத்தில் நடித்தவர்களுக்கு உறவினர்களும். நம் முன்னோர் நூல் அரங்கேற்றிய சபை இப்படிப்பட்டதன்று. குறை காண்பதற்கென்றே புலவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சொல்லுக்குச் சொல் தடை எழுப்ப, பாடினவர் அதற்கு விடை சொல்லியோ சொல்ல முடியாமலோ மேலே போகவேண்டியிருந்தது. கம்பர் திருவரங்கத்தில் பட்ட பாடுகளைப் பற்றி வழங்கும் கதைகள் மெய்யோ பொய்யோ, அப்படிக் கதை கட்டுவதற்கே ஒரு கடுமையான சபை நம் நினைவில் இருந்திருக்கிறது. இந்தக் காலத்திலும் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' நடந்தபோது, குறும்படம் எடுத்த பிள்ளை எதிரே நிற்க நடுவர்கள் குறைகளை எடுத்துச் சொன்னதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று கேட்டுக்கொண்ட கார்த்திக் சுப்புராஜ்தான் 2012இல் 'பீட்சா'வைக் கொண்டுவந்தார். தோழனுடைய பாராட்டு தின்பண்டம் மாதிரி. வாங்கித் தின்னலாம், பதிவேட்டில் ஒட்டக்கூடாது.

இனி, சேர்க்கப்போவதாகச் சொல்லும் இரண்டு அதிர்ச்சிகளுக்கு வருகிறேன். 1975இல் வெளியான 'ஜாஸ்' என்ற சுறாமீன் படத்தை முன்கூட்டிப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ஜனங்கள் அலறிய அலறலைக் கேட்ட ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு, அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டபடி, இன்னும் ஓர் அலறல் வேண்டும் என்ற பேராசை பிடித்துக்கொண்டது. ஸ்டூடியோ மேற்கொண்டு செலவு செய்ய இசையாததால் கைக்காசைப் போட்டு, படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் அம்மையாரின் வீட்டு நீச்சல் குளத்திலேயே, கடல் நீரைப் போலக் கலங்கலாகத் தெரிவதற்காகப் பால் பொடியைக் கரைத்துவிட்டு, உடைந்த படகின் ஓட்டையிலிருந்து செத்தவன் தலை ஒன்று திடுமென்று வந்து எட்டிப் பார்ப்பதை எடுத்துச் சேர்த்தார். கேட்ட அலறல் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு, சுறா முதன்முதலாகத் தண்ணீருக்குமேல் தலையைத் தூக்கும் இடத்தில் முன்பு எழுந்த அலறல் பாதியாகக் குறைந்துபோயிற்று. தலையைக் கண்டு ஒரு முறை ஏமாந்த ஜனங்கள் அதன் பின் படத்தையே நம்பாமல் எச்சரிக்கையாக உட்கார்ந்துகொண்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரப் படம் அதைத் தாங்கியது. உங்களுடையது 140 விநாடி. அதில் மூன்று இடி இடித்தால் கப்பி சுழலும்போது யார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்? 'இன்னும் பயமாக இருந்திருக்கலாம்' என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். கப்பியைக் கேட்டபோது தமக்குள் எழுந்த ஏதோ ஒன்று, அண்டை வீட்டுக்காரர் பேச ஆரம்பித்ததும் அணைந்துபோயிற்று என்ற ஏமாற்றத்தைத்தான் அவர் தமக்குத் தெரிந்த சொற்களில் எழுதியிருக்கிறார் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். சேர்க்கச் சொல்லி வந்த அந்த விண்ணப்பத்துக்கு, எடுத்துவிடுவதுதான் மருந்து.

பேயின் முகத்தை குளோசப்பில் காட்டும் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காட்டாதீர்கள். 1942இல் வால் லூட்டன் தயாரிக்க ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் பூங்காவின் மதிலோரமாக ஒருத்தி தனியே நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலடி கேட்கிறது, பிறகு கேட்கவில்லை. சிறுத்தை பாய்ந்ததோ என்று எண்ணும்படி ஒரு சீற்றம் எழுகிறது. பார்த்தால் அது பேருந்து வந்து நிற்கும் பிரேக்கின் சத்தம். சிறுத்தை அங்கே கண்ணில் படவே இல்லை. ஜனங்களைத் தூக்கிப் போட்ட அந்த வெட்டுக்கு அவர்கள் கூட்டத்தில் 'பஸ்' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ'வுக்கு எடுத்த முன்னோட்டமோ இன்னும் விசித்திரமானது. ஆறு நிமிஷத்துக்குமேல் ஓடும் அதில், வாடகைக்கு வீடு காட்டும் தரகரைப்போல அவரே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டி, இங்கே என்னவோ நடந்தது, அதைச் சொல்ல நாக்கூசுகிறது என்கிற பாவனையில் ஒவ்வோர் அறைக் கதவையும் சாத்திக்கொண்டு வந்து, கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். அலறுகிறவள்கூடப் படத்தில் அந்த இடத்தில் சாகிற ஜேனட் லீ அல்லர். வேரா மைல்ஸ் என்ற வேறொரு நடிகை. படத்திலிருந்து ஒரு காட்சியையும் கடன் வாங்காமல், காலியான அறைகளை மட்டும் காட்டியே ஜனங்களைக் கொட்டகைக்கு இழுத்தவர் அவர். உங்களிடமும் ஒரு காலி வீடு இருக்கிறது, ஒரு கிணறு இருக்கிறது.

'கதை புரியவில்லை', 'முழுக் கதையும் தெரிந்துவிட்டது' என்ற இரண்டு தாள்களைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். ஒன்றுக்கொன்று எதிர் என்று எண்ணி இரண்டையும் தள்ளுபடி செய்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே குறையை இரு முனைகளிலிருந்து பிடித்திருக்கிறார்கள். அத்தை கிணற்றில் விழுந்து செத்தாள் என்பதை மறைத்திருக்க வேண்டும், சொல்லிவிட்டீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் சாவி அந்தப் பெண் கையில் எப்படி வந்தது, இரவு தங்கித்தான் தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவளுக்கு என்ன என்பதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், மறைத்துவிட்டீர்கள். மறைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டியதை மறைத்தால், ஒருவனுக்கு ஒன்றுமே புரியாது, மற்றவனுக்கு எல்லாம் தெரிந்துபோகும்.

இதற்குப் பின்னணிக் குரலை மருந்தாக நினைக்கிறீர்கள். சினிமாப் படிப்பு முடித்த இரண்டு இளைஞர்கள், டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்பவர்கள், 1999இல் வெளியிட்ட 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்டில் வழி தவறிய மூவரில் ஒருவன் கடைசிக் காட்சியில் ஒரு பாழ்வீட்டு அறையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். அத்தோடு படம் முடிகிறது. முதலில் பார்த்தவர்கள் முடிவு விளங்கவில்லை என்றார்கள். படத்தை வாங்கிய நிறுவனம் வேறு முடிவுகளை எடுக்கச் சொல்லிற்று. அவர்களும் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் கடைசியில் பழைய முடிவையே வைத்துக்கொண்டு, படத்தின் ஆரம்பப் பகுதியில் ஊர்க்காரர் ஒருவரின் பேட்டியை மட்டும் சேர்த்தார்கள்: குழந்தைகளைக் கொன்ற ஒருவன், ஒரு குழந்தையைக் கொல்லும்போது மற்றதை மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைப்பானாம் என்கிற ஒரு பேச்சு. வழியோடு வந்த பேச்சாக அது காதில் விழுந்து மறந்துபோகிறது. கடைசியில் மூலையில் நிற்கும் முதுகைக் கண்டதும் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கிறது. வலித்த இடம் முடிவு. மருந்து வைத்த இடம் முதற்பாதி. என் குருநாதர் அந்தப் படத்தைப் பார்க்க உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பார். உங்கள் அண்டை வீட்டுக்காரரையும் நான் துரத்தச் சொல்லவில்லை. ஆள் நல்ல நடிகர், மீசையும் வாகாக இருக்கிறது. கப்பிக்குப் பிறகு வரும் அவரை அதற்கு முன்னால் கொண்டுபோய், பிரசங்கம் முழுவதையும் வெட்டிவிட்டு, பேருந்தை விட்டு இறங்கிய பெண்ணைப் பார்த்து, "அந்தக் கெணத்துக் கயித்தை அவுத்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா, தண்ணிக்கு எங்க வீட்டுக்கு வந்துரு" என்று அக்கறையாக ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள். பிறகு கப்பி சுழலட்டும்.

'பிஜிஎம் செம' என்ற பாராட்டில் எனக்குச் சந்தோஷமில்லை. பின்னணி இசை காதில் தனியாக விழுந்தது என்பதற்கு அது சாட்சி. கூடம் மூச்சடங்கிய ஆறு விநாடியில் இசையே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேலே சொல்ல வேண்டியது எதுவுமில்லை.

இந்தத் தாள்களில் வராத ஓர் அபிப்பிராயம் என்னிடம் இருக்கிறது. முந்தானையைப் போர்த்திக்கொண்டார் என்று சொன்னேனே, அந்தப் பாட்டி, நீங்கள் படம் பிடித்த வீட்டுக்கே சொந்தக்காரர் என்பதும், உங்களில் ஒருவருடைய அப்பாயி என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு எழுத வராது என்று எண்ணியோ, அவர் வீட்டு மனுஷிதானே என்று எண்ணியோ யாரும் அவர் கையில் தாளைக் கொடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் இருவரும் ஒரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே பேச ஆரம்பித்தார். "நாப்பது வருஷமா அந்தக் கப்பிச் சத்தத்தக் கேக்குறேன். வெடியக்காலம் தண்ணி எறைக்கையில அதுதான் எனக்குப் பேச்சுத் தொணை. இன்னிக்கு என்னமோ கேக்கையிலேயே வவுறு கலங்கிப் போச்சு. ராத்திரி கொல்லப் பக்கம் எப்புடிப் போவேன்னு தெரியல" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு என்னத்துக்குக் கடசியில தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிது? வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டுத் தலை ஆத்துற மாதிரியில்ல இருக்கு! அதப் பாத்து யாரு பயப்படுவா?" என்று கேட்டுவிட்டுத் தாமும் சிரித்தார்.

இதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவீர்கள்? நாற்பது வருஷம் துணையாக இருந்த ஓசையை ஒரு மாலையில் அந்நியமாக்கிவிட்டீர்கள். பேய்ப் படம் எடுப்பவனுக்கு இதற்குமேல் கிடைக்கக்கூடிய பட்டம் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. கூடவே, உங்கள் பேய் ஏன் பேயாக இல்லை என்பதற்கும் ஒரே வாக்கியத்தில் காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளைப் புடவையையும் விரித்த கூந்தலையும் பழைய படங்களிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கப்பியை அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். கடைசிக் காட்சிக்கு அந்தக் கொல்லையிலேயே இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். துவைகல் இருக்கிறது, அதன்மேல் சொட்டச் சொட்ட ஈரமாக ஒரு பித்தளைக் குடத்தை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓர் எண்ணம். அதைச் செய்தே ஆகவேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை. அதைச் சொன்னால் நானும் பென்சில் பிடித்த பார்வையாளன் ஆகிவிடுவேன்.

திருத்திய முன்னோட்டத்தை அடுத்த மாதம் மறுபடியும் திரையிடப்போவதாக உங்கள் ஆசிரியை சொன்னார். இந்த முறை உங்கள் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத நாலு பேரையாவது கூப்பிடுங்கள். எதிரே இருக்கும் டெய்லர் கடைக்காரரும் ஆட்டோ நிறுத்தத்துப் பிள்ளைகளும் வரமாட்டோம் என்று சொல்லப்போவதில்லை. அப்பாயியை அழைத்துவர ஒரு வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். வெற்றிலை போடும் அந்தப் பணியாள் கதவோரமே நிற்கட்டும், உட்காரச் சொல்லாதீர்கள். உங்களில் இரண்டு பேர் திரைக்கு முதுகைக் காட்டி என்னோடு உட்கார வேண்டும். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் விநாடி முள் உள்ள கடிகாரமும் கொண்டுவாருங்கள். எனக்கு நாற்காலி வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். மின்விசிறிகளை மட்டும் தயவுசெய்து ஓடவிடுங்கள். போன தடவை ஜனங்களுக்கு வேர்த்தது பயத்தாலா புழுக்கத்தாலா என்று கடைசிவரைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்ட கிழவன்